நான்கு அங்குலம்

பன்னிரண்டு வருஷம் கயிற்றில் தொங்கி
கோலாலம்பூருக்குச் சாயம் பூசியவன் நான்.
ஜாலான் அம்பாங் பக்கம், நாற்பதாவது மாடி.
அங்கே சொட்டு விழுந்தால் அது காற்றின் பாடு.
தரையைத் தொடுமுன்னே காய்ந்து
தூசாகிவிடும் என்பார் மேல்கயிற்றுச் சத்தியசீலன்.
நம்பிக்கொள்வேன்.

தோள்பட்டை இறங்கியது.
கயிறு போதும் என்றார் டாக்டர்.
பிறகு கிடைத்தது இது:
புக்கிட் டாமன்சாராவில் ஒரு வீடு,
பதினாறு படி, எல்லாம் கம்பளம் போர்த்தியது,
ஓரமாய் ஏறிப்போகும்
நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் பலகை.
இந்த ஊர் ஈரத்துக்குப் படியில் கம்பளமா
என்று வாய் திறந்தேன்.
கேட்காதே, அடி, என்றார் தவ்கே.

டேப் ஒட்டாது கம்பளத்தில்.
ஒட்டினாற்போல் நடிக்கும்,
பிரஷ் வந்ததும் கைவிட்டுவிடும்.
பட்டி போடும் அகலத் தகட்டைப்
பலகைக்கும் கம்பளத்துக்கும் நடுவே செருகி,
கீழே அமுக்கி,
தூங்கும் பிள்ளையின் இமையைப் பிரித்துச்
சொட்டு மருந்து விடுகிறவன் மாதிரி
மூச்சை நிறுத்தி ஓர் இழுப்பு.
தகட்டை எடு. துடை. திருப்பியும் துடை.
துடைக்காத தகடு
அடுத்த படியிடம் போய்க் கோள் சொல்லும்.
படிக்கு ஒரு படுக்கை, ஒரு நிமிர்வு.
முப்பத்திரண்டு தடவை மூச்சை நிறுத்த வேண்டும்
ஒரு பக்கத்துக்கு மட்டும்.

அமுக்கிய இடத்தில் தெரிந்தது
முன்னால் அடித்தவன் விட்டுப்போன பழுப்பு.
கம்பள விளிம்போடு நின்றுகொண்டிருக்கிறான்.
மறைகிற இடத்துக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?
நியாயம்தான்.
நாற்பதாவது மாடியில், சன்னல் நெற்றிகளுக்கு மேலே,
நானும் விட்டு வந்திருக்கிறேன்
பருந்துக்கு மட்டும் தெரிகிற பழுப்பு.

ஒன்பதாம் படியில்
பிரஷுக்குக் கொஞ்சம் பேராசை.
சொட்டு.
சாம்பல் கம்பளத்தில் பால்பல் அளவு வெள்ளை.
கை துணிக்குப் போய்விட்டது.

துடைக்காதே!
மேல்படியில் சுமியாத்தி,
வாக்குவம் குழாய் தோளில், மலாயில் அதட்டினாள்.
துடைத்தால் தட்டளவு ஆகும். சும்மா விடு. காயட்டும்.

காய்வதற்கு ஒரு மணி நேரம்.
தே ஓ கொண்டுவந்தாள். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.
இந்த வீட்டில் முழங்காலுக்குக் கீழே
வேறு யாரும் வருவதில்லை, என்றாள்.
அது பெரியவர் சிந்திய ஒயின்.
இது பிள்ளையின் நகச்சாயம்.
எல்லாம் காயவிட்டுக் கத்தரித்ததுதான்.
நான் வேலைக்கு வந்தபோது
இந்தக் கம்பளம் இன்னும் கொஞ்சம் உயரம்.

சிரித்ததில்
இன்னொரு சொட்டு விழத் தெரிந்தது.

தையல் கத்தரியால், இழை இழையாய்,
நுனியை மட்டும்.
வெட்டிய வெள்ளை நுனிகளை
உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்,
உப்புப் போல.
பிறகு விரலால் அந்த இடத்தை எதிர்ப்பக்கமாய் நீவினாள்.
எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மிஸஸ் லாவ் வந்தார்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பதினாறு படியும் ஏறினார், இறங்கினார்.
சுவர் பளிச்சென்று இருக்கிறது என்றார்.
சுவரை நான் தொடவே இல்லை.
சுமியாத்தி அடுப்படியில்
எதையோ சத்தமாய்க் கழுவினாள்.

கெரிஞ்சியில் எங்கள் பிளாட்டில்
லிப்ட் இன்றைக்கும் மண்டையைப் போட்டிருந்தது.
பதினோரு மாடி, சிமெண்டுப் படி.
பலகை கிடையாது, கம்பளம் கிடையாது.
சுவர் தரையைத் தொடும் இடத்தில்
எவனோ பச்சையில் ஒரு பட்டை இழுத்துக்கொண்டே வந்து
ஏழாவது மாடியில் விட்டுவிட்டான்.
பெயிண்ட் தீர்ந்ததோ, காசு தீர்ந்ததோ.
எட்டு வருஷமாய் அதைத் தாண்டித்தான் ஏறுகிறேன்.
இன்றைக்கு, மூச்சு வாங்க நின்ற சாக்கில்,
குனிந்து பார்த்தேன்.

டேப் இல்லை, தகடு இல்லை.
நேராகத்தான் இழுத்திருக்கிறான்.